ஆரணிக்கு எல்லை எது?

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகிற ரயில் பாதையில் ‘ஆரணி ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பேரை நம்பி இறங்கினால் ஆரணி வராது. இறங்குற இடம் களம்பூர். அங்கிருந்து பஸ் பிடித்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் போகணும். ஆரணி ஊருக்குள் இன்றுவரை ரயில் கிடையாது.

சின்ன விஷயம்தான். ஆனா ஆரணியைப் பற்றிப் படிக்கப் படிக்க இதே மாதிரி இன்னும் சிலது தட்டுப்படும். ஆரணியில் நெய்த பட்டுச்சேலை பல நேரம் காஞ்சிபுரம் பேரில் விற்கும். ஆரணி என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருக்கு, ஆனால் ஆரணி மாவட்டம் இல்லை. இந்த ஊரை ஆண்ட கலெக்டர்கள் சித்தூரில் இருந்தார்கள், பிறகு வேலூரில், இப்போ திருவண்ணாமலையில்.

ஆரணியைத் தலைநகராக வைத்து ஒரு மாவட்டம் வேணும் என்ற கோரிக்கை அந்தப் பக்கம் பல காலமா உண்டு. அந்தக் கோரிக்கையைப் புரிந்துகொள்ள முதலில் இன்னொரு கேள்விக்குப் பதில் தேவைப்படுது. ஒரு வட்டாரத்தை வட்டாரமா ஆக்குவது எது? அரசு போடுற கோடா, அல்லது அங்கே ஓடுற நெல்லும் நூலும் கடனும் கூலியுமா? நிலம், வரலாறு, தொழில் என்று வரிசையா பார்த்துக்கொண்டு போகலாம்.

நிலம்

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்குப் பாதியில் இருக்கு ஆரணி. மேற்கே ஜவ்வாது மலை. அந்த மலைப் பக்கமிருந்து கமண்டல நதியும் நாகநதியும் இறங்கி, ஒன்றாகி, கமண்டல நாகநதி என்ற பேரில் ஆரணியை ஒட்டிப் போகின்றன. ஆறு என்று சொன்னாலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். நல்ல மழை வருஷத்தில் வெள்ளம் வரும், மற்ற நாளில் தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். மேலே படவேடு பக்கம் இந்த ஆற்றின் குறுக்கே செண்பகத்தோப்பு அணை கட்டியிருக்கிறார்கள்.

ஆற்றுத் தண்ணீர் அப்புறம் எங்கே போகுது என்று பார்த்தால் சுவாரசியமான ஒரு தகவல் கிடைக்கும். கமண்டல நாகநதி செய்யாற்றில் சேருது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருது. காஞ்சிபுரத்தை ஒட்டி வரும் வேகவதியும் அதே திருமுக்கூடலில்தான் பாலாற்றில் விழுகிறது. ஆக பட்டுக்குப் பேர்போன இரண்டு ஊர்களின் தண்ணீரும் ஒரே இடத்தில் கலக்குது.

பாசனத்துக்கு ஆற்றை மட்டும் நம்பின நிலம் இல்லை இது. ஏரியும் கிணறும்தான் ஆதாரம். தென்மேற்குப் பருவமழை கொஞ்சம், வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் என இரண்டிலும் மழை உண்டு, எதையும் முழுசா நம்ப முடியாது. தண்ணீர் இருந்தால் நெல், கரும்பு. இல்லாத மேட்டு நிலத்தில் மல்லாட்டை (மற்ற பக்கத்தில் வேர்க்கடலை என்பார்கள்). தண்ணீர் நிச்சயமில்லாத இந்த நிலையை மனசில் வெச்சுக்குங்க. பின்னாடி தறி ஏன் கிராமத்துக்குள் போச்சு என்று புரிய இது தேவைப்படும்.

ஜாகீர்

ஆரணிக்கு மேற்கே படவேடு. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் ஆண்ட தலைநகர். விஜயநகர இளவரசன் குமார கம்பணன் அவர்களை வென்ற கதையை அவன் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் காவியமாகவே எழுதிவிட்டாள், ‘மதுரா விஜயம்’. 1989-இல் புது மாவட்டம் அமைந்தபோது ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’ என்று பேர் வைத்தது இந்த மரபை நினைத்துத்தான்.

ஆரணி தனியா ஒரு ஆட்சி வட்டமா ஆனது 17-ஆம் நூற்றாண்டில். பீஜப்பூர் சுல்தானின் படையோடு தெற்கே வந்தவர் ஷாஜி போன்ஸ்லே, அதாவது சிவாஜியின் அப்பா. அவரிடம் வேலை பார்த்த மராட்டிய பிராமணர் வேதாஜி பாஸ்கர் பந்த் என்பவருக்கு ஆரணி ஜாகீராகக் கிடைத்தது. ஜாகீர் என்றால் எளிமையாகச் சொன்னால், ‘இந்த நிலத்தின் வரி உன்னுடையது, பதிலுக்கு எங்களுக்குச் சேவை செய்’ என்ற ஏற்பாடு. பீஜப்பூர் போச்சு, முகலாயர் வந்தார்கள், ஆற்காடு நவாப் வந்தார், கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. மேலே இருக்கிற ஆள் மாறிக்கொண்டே இருந்தார், ஆரணி ஜாகீர் மட்டும் அந்தக் குடும்பத்திடமே தொடர்ந்தது. மேலே இருக்கிறவருக்கு வருஷா வருஷம் பேஷ்குஷ் என்ற தொகையைக் கட்டினால் போதும்.

ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் சத்தியவிஜயநகரம் (எல்லாரும் எஸ்.வி. நகரம் என்பார்கள்) ஜாகீர்தார்களின் இருப்பிடம். மத்வ மரபைச் சேர்ந்த உத்திராதி மடத்துப் பீடாதிபதி சத்தியவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் அங்கே இருக்கு, ஊர்ப்பேரும் அவரால் வந்ததுதான். ஜாகீர்தார் அரண்மனை இன்னும் நிற்கிறது, சிதைந்த நிலையில்.

இந்தக் காலத்துப் போர்களையும் ஒரு வரியில் தாண்டிவிட முடியாது. 1751-இல் ஆற்காட்டு முற்றுகையைத் தாங்கி நின்ற ராபர்ட் கிளைவ், பின்வாங்கிய ராஜா சாகிப்பின் படையைத் துரத்தி வந்து டிசம்பர் 3-ஆம் தேதி சண்டை போட்டது ஆரணியில். 1782 ஜூன் 2-ஆம் தேதி அயர் கூட் ஹைதர் அலியோடு மோதினதும் ஆரணி அருகேதான். கூட் ஏன் ஆரணிக்கு வந்தார்? ஹைதர் தன் படைக்கான சரக்குகளை ஆரணிக் கோட்டையில் சேமித்து வைத்திருந்தார். அப்போதே இது ஒரு கிடங்கு ஊர். சுற்றுப்பக்கத்து விளைச்சல் வந்து சேருகிற இடம். அரசியல் மாறினாலும் இந்த வேலை மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, ஜமீன்களை ஒழித்த 1948-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தோடு இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு முடிவு வந்தது. ஏறத்தாழ முந்நூறு வருஷம் ஆரணி தன் பேரிலேயே ஒரு நிர்வாக வட்டமா இருந்திருக்கு. அதுக்கப்புறம் அந்த நிலை இல்லை.

கோடுகள் மாறின கதை

நிர்வாகக் கோடுகளை மட்டும் தேதி வாரியா எடுத்துப் பார்த்தால் இப்படி வரும்:

- 1911 வரை: வட ஆற்காடு மாவட்டம், தலைநகர் சித்தூர் (இன்று ஆந்திரா).
- 1911: சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகர். தென் ஆற்காட்டிலிருந்த திருவண்ணாமலை வட ஆற்காட்டுக்கு வந்தது.
- 30 செப்டம்பர் 1989: வட ஆற்காடு இரண்டானது. ஆரணி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்தில்.
- 2009: தொகுதி மறுவரையறைக்குப் பிறகு ஆரணி நாடாளுமன்றத் தொகுதிக்கு முதல் தேர்தல். ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி இவற்றோடு விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, மயிலம் சட்டமன்றத் தொகுதிகளும் இதில் அடக்கம்.
- 2019: பழைய வட ஆற்காட்டின் மறுபாதியான வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது.

1989-ஐக் கவனிங்க. அதுவரை கலெக்டரைப் பார்க்க ஆரணிக்காரர் வேலூர் போனார், சுமார் 40 கிலோமீட்டர். மாவட்டம் பிரிந்த பிறகு திருவண்ணாமலை போகணும், சுமார் 60 கிலோமீட்டர். மாவட்டம் சின்னதாச்சு, ஆனா இவங்களுக்குத் தலைநகர் தூரமாச்சு! பெரிய ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் ஜவுளி எடுக்கவும் இன்றும் வேலூர் பக்கம் போகிறவர்கள் நிறைய பேர். கோடு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் 24,64,875 பேர். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில். ஆரணி நகராட்சியில் சுமார் 64 ஆயிரம் பேர்தான். ஆனால் ஆரணியை இந்த 64 ஆயிரத்தை வைத்து எடைபோட முடியாது. ஏன்னா இந்த ஊரின் தொழில் ஊருக்குள்ளே இல்லை.

நெல்லும் ஒரு ஆராய்ச்சியும்

சென்னைக் கடைகளில் ‘ஆரணி அரிசி’, ‘களம்பூர் பொன்னி’ என்று மூட்டை அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. ஆரணி–களம்பூர் பக்கம் ரைஸ்மில் வரிசை வரிசையா இருக்கும். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்துப் புழுங்கல் அரிசியாக்குவது இங்கே பெரிய தொழில். முன்னாடி பரந்த களத்தில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைப்பார்கள், அதில் பெண்கள் நிறைய வேலை பார்த்தார்கள். இப்போ பெரிய மில்களில் டிரையரும் கருப்பு அரிசியைப் பொறுக்கித் தள்ளும் சார்ட்டெக்ஸ் மெஷினும் வந்தாச்சு. உள்ளூர் நெல்லோடு வெளியூர் நெல்லும் லாரியில் வந்து இறங்கும்.

இந்த நெல் வழியாகத்தான் ஆரணி உலக அளவில் ஆய்வாளர்களுக்குத் தெரிந்த ஊரானது. 1970-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பசுமைப் புரட்சி கிராமத்தில் நிஜமாகவே என்ன செய்தது என்று பார்க்க ஒரு ஆய்வு செய்தன. எடுத்துக்கொண்ட இடங்கள் இரண்டு. ஒன்று வட ஆற்காடு, இன்னொன்று இலங்கையின் அம்பாந்தோட்டை. அந்தக் குழுவில் வந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் ஆரணியின் நெல் வியாபாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். 1973-இல் தொடங்கினவர், பத்து இருபது வருஷ இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வந்து அதே ஊரின் கடைகளையும் மில்களையும் கணக்கெடுத்தார். 2016-இல் அவர் தொகுத்து வெளிவந்த ‘மிடில் இந்தியா’ புத்தகம் முழுக்க ஆரணி பற்றியது. நாற்பது வருஷ மாற்றம் அதில் இருக்கு. ஜான் ஹாரிஸ் ஆரணி பக்கத்துக் கிராமம் ஒன்றை வைத்துத் தனியா ஒரு நூல் எழுதினார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ஆரணிப் பட்டு நெசவை ஆராய்ந்திருக்கிறார்கள்.

பெரிய நகரத்தையோ தனிக் கிராமத்தையோ விட்டுவிட்டு ஏன் ஆரணி? இந்தியாவின் பெரும்பகுதி இந்த மாதிரி நடுத்தர ஊர்களை நம்பித்தான் ஓடுது என்பது ஹாரிஸ்-ஒயிட்டின் வாதம். பெரிய கம்பெனி இல்லை. குடும்பம் நடத்துற கடை, மில், மண்டிதான். எழுதின ஒப்பந்தம் குறைவு. யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம், யாருக்கு வேலை, என்ன விலை என்பதையெல்லாம் சட்டப்புத்தகத்தை விட சாதி, உறவு, வியாபாரச் சங்கம் இவையே அதிகம் தீர்மானிக்கின்றன. இதை அவர் இந்தியா முழுக்கவும் பொருத்திக் காட்டினார். ஆனால் கண்ணால் பார்த்து எழுதின இடங்களில் முக்கியமானது ஆரணி.

நெல்லின் வட்டாரம் இப்படிப் பார்த்தால் தெளிவா தெரியும். எந்தக் கிராமத்து நெல் ஆரணி மண்டிக்கு வருதோ, எந்த விவசாயி ஆரணி வியாபாரியிடம் முன்பணம் வாங்குறாரோ, அதுவரைக்கும் ஆரணி.

பட்டு

இப்போ தறிக்கு வருவோம். ஆரணியில் செங்குந்தர்களும் சௌராஷ்டிரர்களும் மரபா நெசவு செய்தவர்கள். சௌராஷ்டிரர் வீடுகளில் அவர்கள் மொழி இன்றும் கேட்கும். ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் நெசவு இவர்களோடு நிற்கவில்லை. தேவிகாபுரம், அத்திமலைப்பட்டு, முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என்று சுற்றுக் கிராமங்களில் விவசாயக் குடும்பங்களும் தறி போட்டன. ஏரி நிரம்பாத வருஷம் வயலில் வேலை இல்லை. தறி இருந்தால் வீட்டுக்குள்ளேயே கூலி. வேலை கொடுக்கிறவருக்கும் கிராமத்தில் கூலி குறைவு. இரண்டு பக்கத்துக் கணக்கும் ஒத்துப்போச்சு.

ஒரு சேலை எப்படி உருவாகுது என்று பார்த்தால் வட்டாரத்தின் நிஜ அளவு புரியும். பட்டு நூலுக்குக் கர்நாடகம். ராமநகரம், சிட்லகட்டா மாதிரி பட்டுக்கூடு சந்தைகளில் ஏலம் போகிற கூடு, அங்கேயே நூலாகி, முறுக்கேறி, பெங்களூர் வியாபாரிகள் வழியா இங்கே வரும். ஜரிகைக்குக் குஜராத்தின் சூரத். சிவப்புச் சாயம் ஏற்றின பட்டு நூல் மேலே வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அசல் ஜரிகை. விலை குறைந்த ஜரிகைகளும் நிறைய உண்டு.

நூல் வந்ததும் சாயம் ஏற்றணும். அப்புறம் பாவு. வழக்கமா ஒரு பாவில் மூணு சேலை. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி இழை சரி பார்ப்பதை நெசவாளர் தெருக்களில் பார்க்கலாம். வீட்டுப் பெண்கள், வயசானவங்க ராட்டையில் தார் சுற்றுவார்கள். உட்கார்ந்து நெய்கிறவர் ஒருத்தர், ஆனால் அந்தச் சேலைக்குள் ஒரு குடும்பத்தின் வேலை இருக்கு. கூலி சேலைக் கணக்குத்தான். தார் சுற்றினதுக்குத் தனிக் கூலி என்று பெரும்பாலும் கிடையாது.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போடணும். மூணு நாடா ஓடும், பக்கத்தில் ஒரு துணை ஆள் வேணும். ஆரணிச் சேலை பொதுவா காஞ்சிபுரத்தை விட எடை குறைவு, விலையும் குறைவு என்று பேர் வாங்கினது. கல்யாணத்துக்குப் பெரிய பட்டு ஒன்று எடுத்தால், சொந்தக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஆரணிப் பட்டு என்கிற வழக்கம் அதனால் வந்தது. இன்றைக்கு ஜக்கார்டு வந்து, கனமான டிசைனும் இங்கே நெய்கிறார்கள்.

இதில் யாருடையது எது? இதுதான் முக்கியமான கேள்வி. தறி நெசவாளருடையது, வீடும் அவருடையது. நூலும் ஜரிகையும் டிசைனும் பாவைக் கொடுக்கிற முதலாளியுடையது. நெய்து முடித்த சேலையும் அவருடையது. இடையில் முன்பணம் என்று ஒன்று இருக்கு. கல்யாணம், வைத்தியம், வீடு என்று வாங்கின முன்பணம் அடையும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. கூட்டுறவு சங்கங்கள் இதுக்கு மாற்றாக வந்தவை. சங்கமே நூல் கொடுத்து, கூலி கொடுத்து, சேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் சங்கத்துக்கு விற்பனை மந்தமானால் பாவு வருவது நின்றுவிடும், நெசவாளர் மறுபடி தனி முதலாளியிடம்தான் போகணும்.

பட்டு விலை ஏறினாலோ தங்கம், வெள்ளி ஏறினாலோ சேலை விலை ஏறும். அந்த ஏற்றத்தில் கூலி சேராது. மாறாக, விலை ஏறினதால் விற்பனை குறைந்து, வேலை நாள்தான் குறையும். இதற்கு மேலே விசைத்தறி. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, கரை வைத்த பட்டுச்சேலை உட்பட சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம். 1993-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சட்டம் இருந்தும் விசைத்தறியில் பட்டு நெய்வது நடக்குது. ஆரணிப் பகுதியில் கைத்தறி நெசவாளர்கள் அதை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் செய்யாறு சிப்காட். அங்கே தைவான் நாட்டு ஃபெங் டே குழுமத்தின் காலணித் தொழிற்சாலை பெரிய வேலைக்களம். இந்தப் பக்கத்து மொழியில் ‘ஷூ கம்பெனி’. கம்பெனி பஸ் கிராமத்துக்கே வந்து இளம்பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். மாசச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கு. தறிக்குழியில் இந்த மூன்றும் வழக்கமா இல்லை. தார் சுற்ற ஆள் இல்லாமல் போனால் தறி நிற்கும், வீட்டிலிருந்து ஒருத்தர் ஷூ கம்பெனிக்குப் போனால் பாதித் தறி நின்ற மாதிரி. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இருபது வயசுப் பிள்ளை போடுற கணக்கு சரியான கணக்குத்தான்.

பேர் யாருக்கு?

பொருட்களின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு ஆரம்ப வருஷங்களிலேயே அந்தக் குறியீட்டை வாங்கிவிட்டது. சில வருஷம் கழித்து ஆரணிப் பட்டும் வாங்கியது. ஆக ‘ஆரணிப் பட்டு’ சட்டப்படி தனி அடையாளம்.

நடைமுறையில் என்ன? கல்யாணச் சேலை எடுக்க மக்கள் காஞ்சிபுரம் போகிறார்கள். அங்குள்ள கடைகளுக்கு வேணும் அளவு சேலையைக் காஞ்சிபுரத் தறிகள் மட்டும் கொடுக்க முடியாது. ஆரணித் தறிகளிலிருந்தும் போகுது. கடைக்குள் நுழைந்ததும் அது காஞ்சிப் பட்டு ஆகிவிடும். வாங்குறவருக்கு வித்தியாசம் தெரியாது, நெசவாளருக்கும் அதனால் கூலி கூடாது. அந்தப் பேருக்குக் கிடைக்கிற கூடுதல் விலை நடுவில் இருக்கிறவரிடம் தங்கிவிடுகிறது.

புவிசார் குறியீடு ஒரு கோடுதான். ‘இந்த எல்லைக்குள் நெய்ததுக்கு இந்தப் பேர்’ என்று சட்டம் கோடு போடுது. ஆனால் அந்தப் பேரைச் சேலையில் ஒட்டுவதா வேண்டாமா என்பது சேலையின் சொந்தக்காரர் முடிவு. சேலை நெசவாளருடையது இல்லை என்று மேலே பார்த்தோம். அதனால் அந்த முடிவும் அவர் கையில் இல்லை.

தனிப் பிரதேசம் கிடைத்த ஒரு நெசவு ஊர்

நெசவை நம்பின ஒரு ஊர் தனக்குன்னு தனி நிர்வாக எல்லை கேட்டுப் பெற்ற உதாரணம் எங்காவது இருக்கா? இருக்கு, ரஷ்யாவில். மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானவோ. பருத்தித் துணி, குறிப்பா அச்சிட்ட சீட்டித்துணிக்குப் பேர்போன ஊர், ரஷ்யாவின் மான்செஸ்டர் என்றே அழைத்தார்கள். மில்களில் பெண் தொழிலாளர்கள் அதிகம் என்பதால் ‘மணப்பெண்களின் நகரம்’ என்றும் ஒரு பட்டப்பேர்.

இவ்வளவு பெரிய மில் ஊர், ஜார் காலத்தில் மாகாணத் தலைநகர் இல்லை. விளாதிமிர் மாகாணத்தில் ஷூயா என்ற சின்ன ஊரின் கீழே வரும் ஒரு இடம். சுற்றியிருந்த மில் ஊர்களில் சில பக்கத்துக் கஸ்த்ரமா மாகாணத்தில். நம்ம ஆரணி மாதிரிதான். தொழில் ஒரு வட்டமா இருக்கு, நிர்வாகக் கோடு குறுக்கே ஓடுது. 1905-இல் இங்கே நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளின் சோவியத் உருவானது. புரட்சிக்குப் பிறகு 1918-இல், மிகயீல் ஃபுரூன்ஸே முன்னின்று, அந்த இரண்டு மாகாணங்களிலிருந்தும் மில் பகுதிகளை வெட்டியெடுத்துத் தனி மாகாணம் ஆக்கினார்கள். 1929-இல் அதையே மிகப் பெரிய தொழில் பிரதேசமாக விரித்தார்கள். பிறகு 1936-இல் யாரஸ்லாவ்லும், 1944-இல் விளாதிமிரும் பிரிந்துபோக, மிஞ்சினது இன்றைய இவானவோ பிரதேசம்.

தலைநகர் அந்தஸ்து வந்ததால் இன்ஸ்டிட்யூட்டுகள், ஆஸ்பத்திரி, அலுவலகங்கள் எல்லாம் வந்தன. ஆனால் பருத்தி இவானவோவில் விளையாது, மத்திய ஆசியாவிலிருந்து வரணும். 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது பருத்தி விளையும் உஸ்பெகிஸ்தான் வெளிநாடாகிவிட்டது. மில்கள் தடுமாறின, பல மூடின, 1990-களில் ரஷ்யாவின் வறுமையான பிரதேசங்களில் ஒன்றானது இவானவோ. பிரதேச எல்லைக்கோடு அப்படியே இருந்தது. நூல் வரும் வழியைத்தான் அந்தக் கோட்டால் காப்பாற்ற முடியவில்லை.

இவானவோவில் பெரிய மில்கள், அரசு முதலாளி. ஆரணியில் வீட்டுத் தறி, தனி முதலாளி. இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். எல்லை வேறு, மூலப்பொருள் யார் கையில் என்பது வேறு.

மாவட்டம் வந்தால்?

இதையெல்லாம் வைத்து ‘அப்போ ஆரணி மாவட்டம் தேவையில்லை’ என்று நான் சொல்லவில்லை. தேவைக்கு நியாயம் இருக்கு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்க ஒரு நெசவாளர் 60 கிலோமீட்டர் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. கலெக்டர் ஆபீஸ், மாவட்ட மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் பக்கத்தில் வந்தால் அது நிஜமான லாபம். செய்யாறும் இதே காரணத்துக்காக மாவட்டம் கேட்குது, அதுவும் நியாயம்தான். கோடு எங்கே விழும், தலைநகர் எந்த ஊர் என்பது அரசியல் முடிவு.

ஆனா மாவட்டம் வந்த மறுநாள் காலையிலும் நூல் பெங்களூரிலிருந்துதான் வரும், ஜரிகை சூரத்திலிருந்துதான் வரும், பாவு முதலாளியிடமிருந்துதான் வரும். முன்பணக் கணக்கு அதே நோட்டில் இருக்கும். ஆரணி வட்டாரத்தின் நிலைமையை மாற்றுவது வேறு சில விஷயங்கள். நெசவாளரோ அவர் சங்கமோ நூலைக் கடனில்லாமல் வாங்க முடிவது. தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகம் வழியா வரும் நூல் மானியம் சங்கத்தில் இல்லாத தனி நெசவாளர் வரைக்கும் போய்ச்சேருவது. தார் சுற்றும் வேலைக்கும் கூலியில் கணக்கு வைப்பது. ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் தறிக்கூடம் வரை போய் அமல்படுத்துவது. சேலையில் ஆரணிப் பேர் ஒட்டுவதால் அதை நெய்தவருக்கு நாலு காசு கூடக் கிடைக்கும்படி செய்வது. இதில் எதுக்கும் புது மாவட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஜாகீர் இருந்த முந்நூறு வருஷமும் ஆரணிக்குத் தன் பேரில் ஒரு எல்லை இருந்தது. அந்த எல்லைக்குள் வரி யாருக்கு என்று தெளிவா எழுதியிருந்தார்கள். விளைவித்தவருக்கும் நெய்தவருக்கும் என்ன என்று எழுதவில்லை. புதுசா ஒரு கோடு போடுகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.

வாங்குற பக்கத்தில் இருக்கிற நாம் செய்யக்கூடியது சின்னது. அடுத்த தடவை பட்டுச்சேலை எடுக்கும்போது, கைத்தறியா விசைத்தறியா, எந்த ஊரில் நெய்தது என்று கடைக்காரரிடம் கேளுங்க. ‘ஆரணி’ என்று பதில் வந்தால் தரம் குறைவு என்று அர்த்தம் இல்லை. சட்டப்படி தனி அடையாளம் வாங்கின ஒரு ஊரின் பேரைக் கடைக்காரர் மறைக்காமல் சொல்கிறார், அவ்வளவுதான்.